கிழக்கு ஜெர்மனி: கடன், கரி, சுவர் – முதலில் விட்டுப்போனது எது?

கேள்வி – வடகரை

1949 அக்டோபர் 7-ல் பிறந்து 1990 அக்டோபர் 3-ல் இல்லாமல் போன நாடு கிழக்கு ஜெர்மனி. இன்னும் நாலு நாள் தாண்டியிருந்தால் 41 வயது நிறைந்திருக்கும். சோவியத் முகாமிலேயே வசதியான நாடுகளில் அது ஒன்று. எல்லாருக்கும் வேலை இருந்தது. ஒரு சின்ன ரொட்டி 5 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்), பெர்லின் டிராம் டிக்கெட் 20 பெனிக். அப்படிப்பட்ட அரசு 1989-ல் சில வாரங்களுக்குள் எப்படிச் சரிந்தது?

"சுதந்திரம் இல்லை, அதனால் விழுந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சுதந்திரம் 1955-லும் இல்லை, 1975-லும் இல்லை. அப்போது விழவில்லையே? எனக்குத் தெரியவேண்டியது மூன்று. திட்டப் பொருளாதாரம் ஓர் ஆலைக்குள் எப்படி ஓடியது, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது? 1989-ல் நாடு திவாலாகிவிட்டது என்பது உண்மையா? 1990-ல் இரு ஜெர்மனிகளின் நாணயங்களான கிழக்கு மார்க்கையும் மேற்கு மார்க்கையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றியதுதான் ஆலைகளைக் கொன்றது என்கிறார்களே, அது சரியா? எண்களோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

பதில் – தறி

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த நாட்டின் கையில் என்ன இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். ரூர் பகுதியின் கருநிலக்கரியும் எஃகும் மேற்கோடு போய்விட்டன. கிழக்குக்குக் கிடைத்தவை பழுப்பு நிலக்கரி, பொட்டாஷ், சாக்சனியின் இயந்திரத் தொழில், ஸைஸ் போன்ற ஒளியியல் ஆலைகள். அவற்றிலும் பலவற்றைச் சோவியத் யூனியன் போர் இழப்பீடாகக் கழற்றி ரயிலேற்றிக்கொண்டு போனது. இரட்டைப் பாதையாக இருந்த ரயில் தடங்களில் இரண்டாவது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்தார்கள். இழப்பீடு 1953 முடியும்வரை ஓயவில்லை. அதே ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் மார்ஷல் உதவி வந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் இரண்டு ஜெர்மனிகளையும் தராசில் வைப்பது நியாயமில்லை.

இனி திட்டம். பெர்லினில் இருந்த அரசுத் திட்டக் கமிஷன் அடுத்த ஆண்டுக்கான உத்தேச எண்களை அமைச்சகங்களுக்கு இறக்கும். அமைச்சகம் தன் கீழுள்ள கொம்பினாட்டுகளுக்கு, கொம்பினாட் தன் ஆலைகளுக்கு என்று அது இறங்கிவரும். கொம்பினாட் என்பது ஒரே வகைப் பொருளைச் செய்யும் ஆலைகள், அவற்றின் ஆய்வுக்கூடம், விற்பனைப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே தலைமைக்குள் கட்டிய அமைப்பு. எண்பதுகளில் நடுவண் அரசின் கீழ் ஏறத்தாழ 130 கொம்பினாட்டுகள் இருந்தன. ஆலை தன் மறுமொழியை மேலே அனுப்பும்: "இவ்வளவு செய்ய முடியும், அதற்கு இவ்வளவு எஃகு, இவ்வளவு ஆள், இவ்வளவு மின்சாரம் வேண்டும்." முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் வரவும் செலவும் நேராக்கும் ஓர் அட்டவணை உண்டு. அதில் இடம் கிடைக்காத பொருள், பணம் கையில் இருந்தாலும் கிடைக்காது. கடைசியில் மக்கள் அவை அதைச் சட்டமாக நிறைவேற்றும்.

சிக்கல் அந்த மறுமொழியிலேயே பிறக்கிறது. ஆலை மேலாளருக்கு நன்றாகத் தெரியும்: முழுத் திறனைக் காட்டினால் அடுத்த ஆண்டு இலக்கு அதிலிருந்துதான் ஏறும். ஆகவே குறைத்துச் சொல்வார். மூலப்பொருள் நேரத்துக்கு வராது என்பதும் தெரியும், அதனால் கூட்டிக் கேட்பார். வந்ததைப் பதுக்குவார். பதுக்கியது இன்னோர் ஆலைக்குப் பற்றாக்குறை, அந்த ஆலையும் பதுக்கும். யாரும் கெட்டவர் இல்லை. அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் எல்லாரும் செய்தது சரியே. ஒரு போல்ட்டுக்காக மூன்று மாதம் காத்திருக்க முடியாமல் ஒவ்வொரு கொம்பினாட்டும் தனக்கு வேண்டிய கருவிகளையும் உதிரிகளையும் தானே செய்துகொள்ளத் தொடங்கியது. பத்தாயிரக்கணக்கில் மலிவாக ஒரே இடத்தில் செய்ய வேண்டியதை நூறு இடங்களில் நூறு நூறாகச் செய்தார்கள்.

இன்னொன்று, இலக்கை எதில் அளப்பது என்பது. மொத்த உற்பத்தி மதிப்பில் அளந்தால், விலை கூடிய மூலப்பொருளைப் போட்டாலே இலக்கு நிறைவேறிவிடும். எடையில் அளந்தால் கனமான பொருள்தான் வெளிவரும். இதையெல்லாம் அவர்களே உணர்ந்தார்கள் என்பதுதான் வருத்தம். 1963-ல் ஆளும் கட்சியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் காலத்தில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஆலைக்கு லாபம், விலைத் திருத்தம், சொந்த முதலீட்டு முடிவு ஆகியவற்றில் கொஞ்சம் இடம் விட்டார்கள். கட்சிக்குள் எதிர்ப்பு வந்தது. திட்டக் கமிஷன் தலைவர் எரிக் ஆப்பெல் 1965 டிசம்பரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1970 வாக்கில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1971-ல் உல்பிரிக்டின் இடத்துக்கு எரிக் ஹோனெக்கர் வந்தார். மறு ஆண்டே, அதுவரை பாதி தனியார் கையில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. அன்றாடச் சாமான்களைச் செய்து கொடுத்தவை அவைதான். என் பார்வையில் கிழக்கு ஜெர்மனி செய்த மிகப் பெரிய தேவையற்ற பிழை அதுதான்.

டிராபண்ட் காரை எடுத்துக்கொண்டால் இதெல்லாம் கண்ணெதிரே தெரியும். 601 மாதிரி 1964-ல் வந்தது, பெரிய மாற்றமில்லாமல் 1990 வரை ஓடியது. இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 594 சி.சி., 26 குதிரைத்திறன். 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள் என்ஜினுக்கு மேலேயே இருக்கும். பெட்ரோல் தானாக இறங்கிவிடும் என்பதால் பம்பு கிடையாது. எவ்வளவு மீதியிருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட வேண்டும். கார் உடலுக்கான நல்ல தகடு இறக்குமதிக்கு வழியில்லை. ஆகவே பஞ்சாலைக் கழிவுப் பஞ்சைத் தட்டையாக அடுக்கி, பீனால் பிசினோடு சேர்த்து, சூடான அச்சில் அழுத்தி வெளிப் பலகைகளைச் செய்தார்கள். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. கெட்டிக்காரத்தனமான தீர்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் எஃகுத் தகட்டை அச்சு நொடியில் அடித்துவிடும். இந்தப் பலகை இறுகும்வரை அச்சு நிமிடக்கணக்கில் மூடியே இருக்க வேண்டும். உற்பத்தியைக் கூட்ட அச்சுகளைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை, அதற்கு முதலீடு கிடைக்கவில்லை. காத்திருப்பு பத்து ஆண்டுக்கு மேல் நீண்டது. பழைய டிராபண்ட் புதியதைவிட அதிக விலைக்குப் போனது அதனால்தான்: புதியதற்கு விலை இருந்தது, பொருள் இல்லை.

டிராபண்டைச் செய்த ஸ்விக்காவ் ஆலையின் பொறியாளர்கள் புதிய மாதிரிகளை வரைந்து, செய்தும் காட்டினார்கள். மேலிடம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டது.

பதில் – நெய்தல்

தறி சொன்னது உள்நோய். அந்த நோயோடே நாடு இன்னும் பல ஆண்டு ஓடியிருக்கும். முறித்தது அன்னியச் செலாவணி. வடகரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஹோனெக்கரின் 1971 கொள்கையைச் சுருக்கமாகச் சொன்னால்: மக்களுக்கு இப்போதே வீடு, இப்போதே சாமான், விலை ஏறாது. 1953 ஜூன் 17 கட்சியின் நினைவிலிருந்து போகவே இல்லை. அன்று வேலை அளவை 10 சதவீதம் கூட்டியதற்காக பெர்லின் கட்டடத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், நாடே எழுந்தது, சோவியத் டாங்கிகள்தான் அரசைக் காப்பாற்றின. அதன் பிறகு ரொட்டி விலையைத் தொட எந்தத் தலைவருக்கும் துணிவில்லை. போலந்தில் 1970-லும் 1980-லும் இறைச்சி விலையைத் தொட்டபோது நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் வேறு.

ஆகவே விலை உறைந்தது. சில்லறை விலையைப் பொட்டலத்தின் மேலேயே அச்சடித்தார்கள், சில பொருள்களில் வார்ப்பிலேயே பதித்தார்கள். உலோகத்தில் பதித்த விலையை எப்படி மாற்றுவது? செலவு ஏற ஏற மானியம் ஏறியது. தானியத் தீவனத்தைவிட ரொட்டி மலிவாக இருந்ததால் முயலுக்கும் பன்றிக்கும் ரொட்டியைப் போட்டார்கள். தோட்டத்தில் விளைந்த பழத்தை அரசுக் கொள்முதல் நிலையம் வாங்கிய விலை, அதே பழம் கடையில் விற்ற விலையைவிட அதிகம்.

வெளியே இருந்து வாங்க மேற்கத்தியப் பணம் வேண்டும். அதைச் சம்பாதிக்க இருந்த நல்ல வழி எண்ணெய். துருஷ்பா குழாய் வழியாக ஷ்வெட் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆண்டுக்கு சுமார் 19 மில்லியன் டன் சோவியத் கச்சா எண்ணெய் வந்தது. சோவியத் முகாம் நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான கோமெகானின் விலை 1976-லிருந்து முந்தைய ஐந்து ஆண்டு உலகச் சராசரியில் நின்றது. உலக விலை ஏறும்போது அந்தச் சராசரி பின்தங்கும். மலிவாக வாங்கி, பெட்ரோலும் டீசலுமாகப் பிரித்து, மேற்கில் சந்தை விலைக்கு விற்றார்கள். 1981-ல் மாஸ்கோ வரத்தை 17 மில்லியன் டன்னாகக் குறைத்தது. ஹோனெக்கர் பிரெஷ்னேவுக்கு எழுதிக் கெஞ்சியும் பயனில்லை.

ஏற்றுமதிக்கு எண்ணெயை விடுவிக்க, உள்நாட்டுக் கொதிகலன்களை எல்லாம் பழுப்பு நிலக்கரிக்குத் திருப்பினார்கள். அந்தக் கரியில் பாதிக்குப் பாதி தண்ணீர். ஒரு டன் கரியை எடுக்க அதற்குப் பல மடங்கு மண்ணை அள்ளிப்போட வேண்டும், நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்க வேண்டும், ஊர்களையே பெயர்க்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு 300 மில்லியன் டன்னைத் தாண்டி வெட்டினார்கள். உலகில் யாரும் அவ்வளவு வெட்டவில்லை. கடும் குளிர் வந்தால் ஈரக் கரி ரயில் பெட்டிக்குள்ளேயே பாறையாக இறுகிவிடும். 1978 டிசம்பர் 31-ம் தேதி வெப்பநிலை ஒரே மூச்சில் சுமார் 30 டிகிரி இறங்கியபோது பட்டாளத்தைக் கூப்பிட்டுக் காற்றுச் சுத்தியலால் பெட்டிகளை உடைத்தும் மின் நிலையங்களுக்குக் கரி போதவில்லை, நாடெங்கும் மின்வெட்டு. இந்த அனுபவத்துக்குப் பிறகும் அந்தக் கரியின் பக்கமே போக வேண்டியிருந்தது. லைப்சிக் பக்கத்து எஸ்பன்ஹைன், பிட்டர்ஃபெல்ட் வட்டாரங்களில் மூச்சுக்குழல் நோய் சாதாரணமாயிற்று. 1982-லிருந்து மாசு அளவுகளே அரசு ரகசியம்.

இவ்வளவு பாடுபட்டு விடுவித்த எண்ணெயின் உலக விலை 1985–86-ல் விழுந்தது. ஐந்தாண்டுச் சராசரி இப்போது தலைகீழாக வேலை செய்தது: மாஸ்கோவுக்குக் கொடுக்கும் விலை இன்னும் உயரத்தில், மேற்கில் கிடைக்கும் விலை பாதாளத்தில்.

நடுவே 1983-ல் ஒரு பில்லியன், 1984-ல் 950 மில்லியன் மேற்கு மார்க் கடனுக்கு மேற்கு ஜெர்மனி அரசு உத்தரவாதம் கொடுத்தது. அதை முடித்துக் கொடுத்தவர் பவேரியாவின் கடும் கம்யூனிச எதிர்ப்பாளர் ஃபிரான்ஸ் யோசஃப் ஷ்ட்ராவுஸ். கிழக்கின் பக்கத்தில் பேசியவர் அலெக்சாண்டர் ஷால்க்-கோலோட்கோவ்ஸ்கி. மேற்கத்தியப் பணம் தேட 1966-ல் உருவான வணிக ஒருங்கிணைப்புப் பிரிவை நடத்தியவர் அவர்தான். அரசியல் கைதிகளை மேற்குக்கு விடுவித்துப் பெற்றதும் அன்னியச் செலாவணிக் கணக்கில் சேர்ந்தது. 1963 முதல் 1989 வரை சுமார் 33,000 பேர், மேற்கு கொடுத்தது சுமார் 3.4 பில்லியன் மார்க். ஓர் அரசு தன் குடிமக்களை விற்றுக் கடனுக்கு வட்டி கட்டிய கணக்கு இது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற அறிக்கை. 1989 அக்டோபர் 30-ல் திட்டக் கமிஷன் தலைவர் கெர்ஹார்ட் ஷூரரும் வேறு நால்வரும் கட்சித் தலைமையான அரசியல் குழுவுக்குக் கொடுத்தது. மேற்கத்தியக் கடன் 1970-ல் 2 பில்லியன் வலூட்டா மார்க், 1989-ல் 49 பில்லியன். வலூட்டா மார்க் என்பது கணக்குக்காக வைத்த பெயர், மதிப்பில் ஒரு மேற்கு மார்க். தொழில் துறை இயந்திரங்களில் தேய்ந்துபோன பங்கு 53.8 சதவீதம், கட்டடத் துறையில் 67. உற்பத்தித் துறைக்கான முதலீட்டு வீதம் 1970-ல் 16.1, 1988-ல் 9.9. கடன் மேலும் ஏறாமல் நிறுத்துவதற்கு மட்டுமே 1990-ல் வாழ்க்கைத் தரத்தை 25 முதல் 30 சதவீதம் வெட்ட வேண்டும், வெட்டினால் நாட்டை ஆள முடியாது என்றே எழுதினார்கள்.

ஆனால் 49 பில்லியன் என்பது முழு உண்மையல்ல. ஷால்க்கின் பிரிவு ரகசியமாக வைத்திருந்த கையிருப்பை ஷூரர் கணக்கில் சேர்க்கவில்லை. ஜெர்மனியின் மத்திய வங்கி பிற்பாடு 1999-ல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது 1989 முடிவில் நிகரக் கடன் 19.9 பில்லியன் என்று வந்தது. ஆக "திவால்" என்ற சொல் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. தவணை ஒன்றும் தவறவில்லை. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்கள் திவாலாகிவிட்டோம் என்று நம்பினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாஸ்கோ போன, ஹோனெக்கரின் இடத்துக்கு வந்த ஏகோன் கிரென்ஸிடம் கோர்பச்சேவ் பணம் தரவில்லை. அப்புறம் சுவரைத் திறப்பதைப் பேரமாகக் காட்டி மேற்கிடம் கடன் கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

பதில் – கரிசல்

கேள்வியில் சொன்ன நன்மைகளை இரண்டு பேரும் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். வேலை செய்யும் வயதுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது. ஒரே கட்டடத்தில் எல்லாத் துறை மருத்துவரும் இருந்த பாலிகிளினிக் முறையைப் பிற்காலத்தில் ஒன்றிணைந்த ஜெர்மனி வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. இவை உண்மையான சாதனைகள்.

வீட்டுத் திட்டத்திலும் அப்படித்தான் தொடங்கினார்கள். 1973-ல் தீர்மானித்து, 1990-க்குள் எல்லாருக்கும் வீடு என்றார்கள். ஆலையில் வார்த்த சுவர்ப் பலகையை லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கும் முறை. மத்திய வெப்பமூட்டல், சுடுநீர், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. நிலக்கரி அடுப்பும் படிக்கட்டுத் திருப்பத்தில் கழிப்பறையும் கொண்ட பழைய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய மாற்றம்.

பிரச்சினை பழைய வீடுகளில். வாடகை 1936-ன் அளவிலேயே நின்றது, சதுர மீட்டருக்கு மாதம் சுமார் ஒரு மார்க். அந்த வாடகையில் கூரை ஓடு மாற்ற முடியாது. பணம் இருந்தாலும் ஓடும் கூரை வேய்பவரும் கிடைக்கமாட்டார்கள், எல்லாம் புதிய குடியிருப்புக்குப் போய்விட்டன. கூரை ஒழுகும், மேல்மாடியைக் காலி செய்வார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதற்குக் கீழ்மாடி. நீர் உத்திரத்தில் இறங்கிவிட்டால் கட்டடமே போயிற்று. லைப்சிக், ஹாலே நகரங்களில் தெருத்தெருவாக இப்படி அழிந்தன. புறநகரில் ஒரு வீடு கட்டிக்கொண்டே நகரின் நடுவில் ஒரு வீட்டை இழந்தார்கள். லைப்சிக்கில் 1989-ல் தெருவுக்கு வந்த கோபத்தில் இதற்கும் பங்குண்டு.

காப்பிக் கதையையும் சேர்த்துவிடுகிறேன், நெய்தல் சொன்ன செலாவணி நெருக்கடி சமையலறைவரை வந்ததற்கு அது சாட்சி. 1975-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிப் பயிர் அழிந்தது, உலக விலை பல மடங்கு ஏறியது. 1977-ல் மலிவு ரகத்தை நிறுத்திவிட்டு ஒரு கலவையை விற்றார்கள். 51 சதவீதம் காப்பி, மீதி சிக்கரி, கம்பு, பட்டாணி போன்றவை. பட்டாணி மாவின் புரதமும் மாவுச்சத்தும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஊதி, உணவகங்களின் காப்பி இயந்திர வடிகட்டியை அடைத்துவிட்டன. புகார் குவிந்தது. உலக விலை இறங்கியதும் கைவிட்டார்கள். பாடம் கற்று வியட்நாமோடு 1980-ல் ஒப்பந்தம் போட்டார்கள்: டாக் லாக் மலைநாட்டில் தோட்டம், பாசனம், குடியிருப்பு, இயந்திரம் எல்லாம் கிழக்கு ஜெர்மனி கொடுக்கும், பதிலுக்கு விளைச்சலில் பாதி. காப்பிச் செடி காய்த்துப் பெரிய அறுவடை வர எட்டு, பத்து ஆண்டு ஆகும். அது வந்தபோது வாங்க நாடு இல்லை. இன்று பிரேசிலுக்கு அடுத்து அதிகம் விளைவிப்பது வியட்நாம்.

பதில் – வடகரை

நன்றி. நெய்தல், ஒரு சந்தேகம். கடன் இவ்வளவு முக்கியம் என்றால், தெருவில் இறங்கிய மக்களுக்கு அந்த எண்கள் எதுவும் தெரியாதே? ஷூரர் அறிக்கை வந்தபோது ஹோனெக்கரே போய்விட்டார்.

பதில் – பாமினி

சரியான கேள்வி. கடன் ஆட்சியாளரின் கையைக் கட்டியது. மக்களை எழுப்பியது வாசல். இந்த நாட்டின் ஆயுளை வாசல் திறந்த காலம், மூடிய காலம் என்று இரண்டாகப் பிரிக்கலாம். 1949-லிருந்து 1961 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ 27 லட்சம் பேர் மேற்குக்குப் போய்விட்டார்கள், அதில் பாதிப்பேர் 25 வயதுக்குட்பட்டவர்கள். மருத்துவர், பொறியாளர், கூட்டுப்பண்ணையில் சேர மறுத்த விவசாயி. 1961 ஆகஸ்ட் 13-ல் மேற்கு பெர்லினைச் சுற்றி முள்கம்பியால் அடைத்து, பின் அதையே சுவராக்கிய பிறகுதான் அந்த அரசால் மூச்சுவிட முடிந்தது. அந்தச் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் உயிரை விட்டார்கள். சுவர் இல்லாமல் அந்த நாடு நிற்காது என்பதை 1961-லேயே அதன் தலைவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1989-ல் வாசலைத் திறந்தது வேறு நாடு. மே 2-ல் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லை வேலியைக் கழற்றத் தொடங்கியது. அதே வாரம், மே 7-ல், கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல். 98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். முன்பும் இப்படித்தான் அறிவிப்பார்கள். இந்த முறை தேவாலயக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் வாக்குச்சாவடிகளில் எண்ணிக்கையின்போது கூடவே நின்று எதிர்வாக்குகளைக் குறித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையைப் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. தங்கள் கூட்டலை அரசு வெளியிட்டதோடு ஒப்பிட்டதும் மோசடி எழுத்தில் பிடிபட்டது. அன்றிலிருந்து மாதந்தோறும் 7-ம் தேதி ஆர்ப்பாட்டம்.

செப்டம்பர் 11-ல் ஹங்கேரி கிழக்கு ஜெர்மானியருக்கு எல்லையை முழுக்கத் திறந்துவிட்டது. அக்டோபர் 9, லைப்சிக்: சுமார் 70,000 பேர். ஆயுதம் தாங்கிய ஆயிரக்கணக்கானோர் தயார் நிலையில். மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இசை நடத்துநர் குர்ட் மஸூரும் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள் மூவரும் உட்பட ஆறு பேர் வன்முறை வேண்டாம் என்று விடுத்த வேண்டுகோளை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பெர்லினிலிருந்து தெளிவான உத்தரவு வரவில்லை. மாவட்டப் பொறுப்பில் இருந்தவர் படையைப் பின்வாங்கச் சொன்னார். நாட்டுக்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் படையினர் இருந்தார்கள், ஒருவரும் முகாமை விட்டு வரவில்லை. 1953-க்கும் 1989-க்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

நவம்பர் 9 பற்றி நிறையத் தவறாகச் சொல்கிறார்கள். சுவரைத் திறக்க யாரும் முடிவு செய்யவில்லை. விண்ணப்பித்தால் பயண அனுமதி உடனே கிடைக்கும், மறுநாளிலிருந்து அமல் என்பதே அந்தத் தீர்மானம். காலை நான்கு மணிவரை செய்தி வெளியிடவும் தடை இருந்தது. கட்சியின் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி அது பேசப்பட்ட நேரத்தில் கூட்டத்தில் இல்லை. மாலை ஏழு மணிக்குச் சற்று முன் செய்தியாளர் கூட்டத்தில் தாளை வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதும், தாளைப் புரட்டிவிட்டு "உடனே, தாமதமின்றி" என்றார். மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி அதைச் சொன்னது, கிழக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் கூட்டம் நெருக்கியது. மேலிடம் சொன்ன உபாயம்: அதிகம் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து. அந்த முத்திரை விழுந்தால் அட்டை செல்லாது, அவர் திரும்பி வர முடியாது. மேற்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அரை மணியில் திரும்பிய இளம் பெற்றோர் சிலர், வீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று வாசலில் நின்றார்கள். பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகரால் அவர்களை மறுக்க முடியவில்லை. பின்னால் ஆயிரக்கணக்கானோர். இரவு பதினொன்றரை வாக்கில் தன் பொறுப்பில் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

ரகசியப் போலீஸான ஸ்டாஸி என்ன செய்தது என்று யாராவது கேட்பீர்கள். 91,000 முழுநேர ஊழியர், அவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ரகசியத் தகவலாளர். எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும் கோப்புகளில் மக்கள் மனநிலையைச் சரியாகவே எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்கள். படித்தவர்கள் கையில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பதில் – தறி

மூன்றாவது கேள்வி பாக்கி. ஒன்றுக்கு ஒன்று.

1990 ஜூலை 1-ல் நடந்தது இது. சம்பளம், ஓய்வூதியம், வாடகை எல்லாம் 1:1. சேமிப்பில் 14 வயதுவரை ஒருவருக்கு 2,000 மார்க், 59 வரை 4,000, அதற்கு மேல் 6,000 வரை 1:1, மீதி 2:1. கையில் இருந்த நோட்டை நேரடியாக மாற்ற முடியாது, வங்கிக் கணக்கில் போட்டால்தான் மாறும். வரம்பு ஆளுக்கு ஆள் என்பதால், நாற்பது வயதுக் கணவன் மனைவியும் பத்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து 10,000-ஐ ஒன்றுக்கு ஒன்றாக மாற்றலாம். அந்தக் குடும்பத்திடம் மொத்தம் 16,000 இருந்தால் 10,000-மும் மீதி 6,000-க்கு 3,000-மும் ஆக 13,000 மேற்கு மார்க். ஆலைகளின் கடன் 2:1.

இப்போது ஆலைக் கணக்கு. 1988-ல் மேற்கில் ஒரு மார்க் சம்பாதிக்கக் கிழக்கு ஆலை உள்ளே 4.40 மார்க் செலவு செய்தது. அதாவது 100 மார்க் செலவில் செய்த பொருள் வெளியே 23 மேற்கு மார்க்குக்குத்தான் விற்றது. ஜூலை 1 காலையில் அதே செலவு 100 மேற்கு மார்க் ஆகிவிட்டது. எந்த ஆலையும் ஒரே இரவில் செலவை நாலில் ஒன்றாகக் குறைக்க முடியாது. ஆகஸ்டில் தொழில் உற்பத்தி முந்தைய ஆண்டில் பாதியாகிவிட்டது. அடுத்த ஜனவரியில் கோமெகான் ரூபிள் கணக்கும் முடிந்தது, கிழக்குச் சந்தைக்காரர்களும் மேற்குப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அவர்களிடம் அது இல்லை. சொந்த ஊர்க் கடையிலேயே மேற்குச் சாமான் வந்துவிட்டதால் உள்ளூர்க்காரரும் உள்ளூர்ச் சாமானைத் தொடவில்லை.

ஆக, கொன்றதா என்றால், அந்த விகிதம் பெரிய அடிதான். ஆனால் 2:1 வைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். சராசரிச் சம்பளம் சுமார் 1,300 மார்க். பாதியாக்கினால் 650, அதில் மேற்கு விலையில் குடும்பம் நடத்த முடியாது. ஜனவரி 1990-ல் நாளுக்கு ஏறத்தாழ 2,000 பேர் மேற்குக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். "மார்க் இங்கே வந்தால் இருப்போம், வராவிட்டால் நாங்கள் அதனிடம் போவோம்" என்று பதாகை பிடித்தார்கள். மார்ச் 18 தேர்தலில் 93 சதவீதம் பேர் வாக்களித்து, விரைவாக இணைவோம் என்ற கூட்டணிக்கு 48 சதவீதம் கொடுத்தார்கள். பாமினி சொன்ன வாசல் திறந்தே கிடந்தபோது குறைந்த விகிதத்தை யாராலும் நடைமுறைப்படுத்தியிருக்க முடியாது.

பெரிய தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது என்பேன். டிராய்ஹாண்ட் என்ற அரசு நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 8,500 நிறுவனங்கள், நாற்பது லட்சம் தொழிலாளர். நாலரை ஆண்டில் எல்லாவற்றையும் விற்றோ மூடியோ முடித்தார்கள். ஒரே நேரத்தில் அவ்வளவு ஆலையைச் சந்தையில் வைத்தால் என்ன விலை கிடைக்கும்? வாங்கியவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஜெர்மனிக்காரர்கள், தங்களுக்குப் போட்டியாக வரக்கூடிய ஆலையை வாங்கி மூடியவர்களும் அதில் உண்டு. லாபம் வரும் என்று தொடங்கியது 1994 இறுதியில் சுமார் 256 பில்லியன் மார்க் நட்டத்தோடு கணக்கை மூடியது. பழைய ஆலைக் கடன் இன்னொரு அநியாயம். திட்டக் காலத்தில் அந்தக் "கடன்" வெறும் கணக்குப் பதிவு. ஆலையின் லாபத்தை அரசு எடுத்துக்கொண்டு, முதலீட்டுக்கு வங்கி வழியாகத் திரும்பக் கொடுத்ததுதான் அது. அதைப் பாதியாக்கி உண்மையான மேற்கு மார்க் கடனாக, உண்மையான வட்டியோடு ஆலையின் தலையில் கட்டினார்கள்.

ஸ்விக்காவில் 1990-ல் டிராபண்டுக்கு ஒருவழியாக நான்கு ஸ்ட்ரோக் ஃபோக்ஸ்வாகன் என்ஜின் வந்தது, பொறியாளர்கள் இருபது ஆண்டுக்கு மேல் கேட்டது. அதற்குள் மேற்கின் பழைய கார்களை மேற்கு மார்க் கொடுத்து யாரும் வாங்கலாம் என்றாகிவிட்டது. 1991 ஏப்ரல் 30-ல் கடைசி டிராபண்ட் வெளிவந்தது. பக்கத்து மோசலில் ஃபோக்ஸ்வாகன் ஆலை ஏற்கெனவே கார் பூட்டத் தொடங்கியிருந்தது.